தொந்தரவு இல்லாத பிள்ளை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கை, கால், இடுப்பு எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. உனக்கு எப்படி? உன் வீட்டுக்காரியின் இருமல் நின்றதா?

இரண்டு மாதமாக ஒரு போன்கூட இல்லையே என்று நீ திட்டியிருப்பாய். வந்த அன்றே இந்த வீட்டு மேடம் போனை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். "கையில இருந்தா நீ அதைத்தான் பாப்ப, பையனைப் பாக்க மாட்ட" என்றார். கடிதம் எழுதிக்கொள்ளலாமாம். பெரிய மனசு.

வீடு நாலாவது மாடி. பையனுக்கு ஒன்பது மாதம். என் வேலை ஒன்றுதான்: அவனுக்கு ஒரு கை தூரத்தில் இருப்பது. அவன் அழுதால் பத்து நொடிக்குள் தூக்க வேண்டும். சுவரில் கேமரா இருக்கிறது. நான் எத்தனை நொடியில் தூக்கினேன் என்று மேடம் ஆபீசில் இருந்தே பார்த்துக்கொள்வார். ஃபிரிட்ஜ் கதவில் "முதல் ஆயிரம் நாட்கள்" என்று ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறது. மூளை இந்த வயதில்தான் வளர்கிறதாம். அதுவரை பார்த்துக்கொள்கிற முகம் மாறக்கூடாதாம். அதனால் எனக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு லீவு கிடையாது. இதை அந்த ஏஜென்ட் வாயே திறந்து சொல்லவில்லை, பாவி. நான் வேலை பார்த்த ஆலையை மூடாமல் இருந்திருந்தால் நான் ஏன் நாடு விட்டு இங்கே வந்து ஊரான் பிள்ளைக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்?

போகட்டும். என் மகள் சைரன் எப்படி இருக்கிறாள்? நான் கிளம்பியபோது அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர், "என்னம்மா, ஆலையைத் திரும்பத் திறந்துட்டாங்களா?" என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? பஸ் மூன்று தெரு தாண்டியும் எனக்குக் கேட்டது. பெற்ற அம்மா வைத்த பெயர் யாருக்கும் வேண்டாம், நீ வைத்த சைரன்தான் நிலைத்துவிட்டது.

என் நீல நைட்டியைத் துவைக்காமல் பையில் வைத்துவிட்டு வந்தேன். அவள் தலைமாட்டில் வை. மோந்தால் அடங்குவாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அழுகிறாள் என்று எழுது. மறைக்காதே.

உன் அக்கா

*

ஜனவரி 30

அன்பு அக்காவுக்கு,

தம்பி. இங்கே எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம். இருமல் நின்றுவிட்டது, பேச்சுதான் நிற்கவில்லை.

டிசம்பரிலேயே எனக்கு வேலை கிடைத்துவிட்டது. சிரிக்காதே. குரங்குக்கு ஊழியம். ஊருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எண்பது குரங்குகள். காலை ஏழு மணிக்குக் கூண்டைக் கழுவி, தீனி போட்டு, ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு தாளை நிரப்ப வேண்டும். பெயர் கிடையாது, நம்பர்தான். டாக்டரம்மா ஒருவர் தலைமை. என்ன செய்கிறார்கள் தெரியுமா? குட்டி பிறந்து ஒரு வாரத்தில் தாயை எடுத்துப் பின்கட்டுக் கொட்டகையில் விட்டுவிடுகிறார்கள். குட்டி மற்றக் குரங்குகளோடு இங்கேயே இருக்கும். சில குட்டிகளுக்கு ஒரு மாதத்தில். சிலவற்றைப் பிரிப்பதே இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க. பிறகு மூளையைப் படம் எடுக்கிறார்கள்.

ஒரு குட்டியைப் பிரிப்பதற்கு மூன்று கமிட்டி கையெழுத்துப் போட வேண்டுமாம். உன்னைப் பிரிக்க ஒரு ஏஜென்ட் கையெழுத்துப் போதுமாக இருந்தது.

என்னோடு ஒரு கேமராக்காரன் இருக்கிறான். அவன் வேலை, குட்டி தாயை நிமிடத்துக்கு எத்தனை தடவை கூப்பிடுகிறது என்று எண்ணுவது. "பொண்டாட்டி கூப்பிட்டா காதுல விழாது, குரங்கு கூப்பிட்டா எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்பான்.

அதே வாரம் வீட்டுக்காரிக்கும் சட்டை கம்பெனியில் பட்டனுக்குக் காஜா எடுக்கும் வேலை கிடைத்தது.

சைரன் முதல் ஒரு வாரம் ஊதினாள். பிறகு அடங்கிவிட்டாள். இப்போது நல்ல பிள்ளை. தொந்தரவே இல்லை. நீ கவலைப்படாதே.

தம்பி

*

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே குளிர் விட்டுவிட்டது, என் முழங்கால் பிடிப்பும் விட்டுவிட்டது. உங்கள் உடம்பைப் பற்றி இரண்டு வரியாவது எழுது. இருமலை வைத்து ஜோக் அடித்தால் ஆயிற்றா?

குரங்குக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். என் மகளுக்கு ஐந்தே வாக்கியம். எண்ணினேன்.

நீ குரங்குகிட்ட, அவள் கம்பெனியில். பகலில் சைரனை யார் பார்க்கிறார்கள்? நைட்டியை வைத்தாயா? அழவில்லை என்று படித்ததும் முதலில் நிம்மதியாக இருந்தது. சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது சுருக்கென்றது. ஒரே வாரத்தில் மறந்துவிட்டாளா? பெற்றவளுக்கு எதில்தான் திருப்தி, சொல்.

இங்கே பையன் "ம்மா" என்று சொல்லிவிட்டான். என்னைப் பார்த்து. மேடம் ஆபீஸ் உடுப்போடு வாசலில் நின்றிருந்தார். "ஆன்ட்டின்னு சொல்லிக் குடு" என்றார். மூஞ்சி சுண்டிப்போயிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது. அவன் தூங்குவதற்கு என் வலது காதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கம்மல் குத்துகிறது என்று அதைக் கழற்றியே வைத்துவிட்டேன். அவனைத் தூக்கும்போது என் கை நிறைகிறது. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

ஒரு போட்டோ அனுப்பு.

அக்கா

*

மார்ச் 9

அன்பு அக்காவுக்கு,

மூன்று பேருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. போதுமா?

பகலில் பக்கத்தில் ஒரு அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறோம். கைராசிக்காரம்மா. அவரிடம் விட்டால் எந்தப் பிள்ளையும் அழாது என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. போட்டோ இத்துடன்.

என் குரங்குகளில் ஒரு மாதத்தில் பிரித்தவை நாள் முழுக்கக் கத்துகின்றன. கண்ட குரங்கின் முதுகிலெல்லாம் தொற்றிக்கொண்டு விடமாட்டேன் என்கின்றன. கூண்டைக் கழுவுவதற்குள் உயிர் போகிறது. ஒரு வாரத்தில் பிரித்த ஏழாம் நம்பர் மட்டும் தங்கம். நான் வாளியோடு போனால் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எனக்கு அதுதான் செல்லம். தாளில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஏழுக்கு, "நல்ல குட்டி. தொந்தரவு இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறேன். சிபாரிசு செய்ய வேறு யார் இருக்கிறார்கள் அதற்கு?

அவசரமாக எழுதுகிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது.

தம்பி

*

மார்ச் 27

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கிற மனநிலையில் இல்லை.

போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கன்னம் வற்றியிருக்கிறது, அது பல் முளைக்கிற நேரம் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாய், உன்னையும் பார்க்கவில்லை. எங்கேடா பார்க்கிறாள்?

அந்தச் சட்டை நம்முடையது இல்லை. மார்பில் 9 என்று தைத்திருக்கிறது. அது என்ன ஒன்பது?

நைட்டியைப் பற்றி இரண்டு கடிதமாக நீ பேசவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 15

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

போன புதன்கிழமை டாக்டரம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டார். கையில் ஏழாம் நம்பரின் தாள்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான் டாக்டர்."

"நல்ல குட்டியா இது?"

"ஆமா டாக்டர். கத்தாது, கடிக்காது. அது பாட்டுக்கு இருக்கும்."

அவர் திட்டவில்லை. கேமராக்காரனிடம் சொல்லிப் படத்தை ஓடவிட்டார். கூண்டுக்கு வெளியே ஒரு இரும்பு வாளி விழுகிறது. பிரிக்காத குட்டிகள் தாய் வயிற்றில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு மாதத்தில் பிரித்தவை அலறிக்கொண்டு கிடைத்த குரங்கைக் கட்டிக்கொள்கின்றன. ஏழு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கண்ணை மூடி, தன்னைத் தானே கட்டிக்கொள்கிறது.

"அது பயப்படலைன்னு நினைக்கிறியா? நெஞ்சு மத்ததைவிட வேகமா அடிக்குது. பயந்தா ஓடிப்போக ஓர் ஆள் இருக்கும்கிறதே அதுக்குத் தெரியல" என்றார். மூளைக்குள் பாதாம் கொட்டை அளவு ஓர் இடம் இருக்கிறதாம். பயமும், யார் நம்ம ஆள் என்கிற அடையாளமும் அங்கேதான் ஊறுமாம். ஏழுக்கு அந்த இடம் வேறு மாதிரி வளர்ந்துகொண்டிருக்கிறதாம். "கூப்பிட்டுப் பாத்துச்சு. யாரும் வரல. கூப்பிடறதையே விட்டுடுச்சு. அது விட்டுட்டதைத்தான் நீ நல்லதுன்னு எழுதியிருக்க. இருக்கிற குட்டிலயே மோசமான நிலைமையில இருக்கிறது இதுதான்."

"மனுசக் குழந்தைன்னா டாக்டர்?" என்று கேட்டேன்.

"நான் குரங்கைப் பத்தித்தான் பேசறேன்" என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "ஏன், உங்க வீட்ல யாராவது?"

"இல்ல டாக்டர்" என்றேன். உன்னிடம் பொய், அவரிடமும் பொய்.

அக்கா, சைரன் எங்களோடு இல்லை. டிசம்பரில் இருந்தே இல்லை. பகலில் மட்டும் விட்டுப் போகிறோம் என்று எழுதியது பொய். இரண்டு பேருக்கும் ஷிப்ட் மாறி மாறி வந்ததால், திங்கள் காலை விட்டால் சனி மாலைதான் எடுப்போம். பாதிச் சனிக்கிழமை ஓவர்டைம் என்று எடுக்கவும் மாட்டோம். பக்கத்து வீடும் இல்லை. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

அன்று அரை நாள் லீவு போட்டு அங்கே ஓடினேன். அந்த வீட்டில் இரண்டு அறை, பதினோரு குழந்தைகள். தெருவில் செருப்பை விடும்போதுதான் முதல் தடவையாக எனக்கு உறைத்தது. பதினோரு குழந்தைகள் இருக்கும் வீட்டில் சத்தமே இல்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்ததும், "பாத்தீங்களா தம்பி, ஒரு சிணுங்கல்? பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு இங்க புள்ளைங்க இருக்கறதே தெரியாது" என்றார். பெருமை. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஒரு பொம்பளை, இரண்டு கை, பதினோரு வாய். மாறிப்போகாமல் இருக்கச் சட்டையில் நம்பர் தைத்திருக்கிறார். நம் பிள்ளை ஒன்பது.

நான் செய்ததைக் கேள். அடுப்படியில் இருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, தரையில் வேண்டுமென்றே போட்டேன். அந்த அம்மா "ஐயையோ" என்று துள்ளினார். பாயில் கிடந்த பிள்ளைகள் தூக்கிவாரிப் போட்டன. இரண்டு மூன்று முனகின. ஒன்றுகூட யாரையும் தேடித் திரும்பவில்லை. சைரன் கண்ணை மூடிக்கொண்டாள். தன் முழங்காலைத் தானே கட்டிக்கொண்டாள்.

ஏழாம் நம்பர்தான், அக்கா. அச்சு அசல்.

உன் பை ஒரு பெஞ்சுக்கு அடியில் இருந்தது. நைட்டி அதற்குள்ளேயே, நீ மடித்து வைத்த மடிப்பில். டிசம்பரில் அந்தப் பையை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தான்.

அன்றே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். தோளில் போட்டால் சுருண்டு பிடிக்கவில்லை. ஈரத்துணி மாதிரி தொங்கினாள். பஸ்ஸில் ஒரு அம்மா, "எவ்வளவு நல்ல பிள்ளை, ஒரு சத்தமில்ல" என்றார். அவரை அறைந்திருப்பேன்.

தம்பி

*

மே 4

அக்கா,

பதில் இல்லை. நீ நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருந்தால் கேட்கிறேன்.

இங்கே நடப்பதை எழுதுகிறேன், படிக்காவிட்டாலும் வைத்துக்கொள். வீட்டுக்காரியும் நானும் முதலில் பெரிய சண்டை போட்டோம். "உங்கக்கா புள்ளைக்கு நான் வேலையை விடணும். நீங்க குரங்கு வேலைக்குக் கூட லீவு போட மாட்டீங்க" என்றாள். நியாயம்தான். இப்போது நான் ஆறு மணி ஷிப்ட், அவள் இரண்டு மணி ஷிப்ட். வாசலில் பிள்ளையைக் கைமாற்றிக்கொள்கிறோம், அதோடு எங்கள் குடும்பப் பேச்சு முடிந்தது. ஆனால் அவள்தான் பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு வீடு பெருக்குகிறாள். நான் சைரனையே வெறித்துக்கொண்டிருந்தால், "யோவ், குரங்கைப் பாத்த கண்ணால இவளைப் பாக்காத" என்று அதட்டுகிறாள்.

நைட்டியில் உன் வாசனை போய்விட்டது. இருந்தாலும் போர்த்துகிறோம்.

ஏழாம் நம்பரை ஒரு வயதான தாய்க்குரங்கோடு விட்டிருக்கிறார்கள். எந்தக் குட்டியைக் கொடுத்தாலும் வளர்க்குமாம், ஆயா என்று கூப்பிடுகிறோம். நாலு நாள் ஏழு அதன் பக்கமே போகவில்லை. ஆயாவும் விடவில்லை. இழுத்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டது. ஐந்தாம் நாள் ஏழின் ஒரு கை ஆயாவின் முடியைப் பிடித்திருந்தது. ஒரு கைதான். கேமராக்காரன் எண்ணுவதை விட்டுவிட்டு மூக்கைத் துடைத்தான்.

"சீக்கிரம் சேத்தா திரும்பி வருது. தாமதமானா தெரியல" என்றார் டாக்டரம்மா. எவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். "அதைத்தான் கண்டுபிடிச்சிக்கிட்டிருக்கோம்" என்றார்.

தம்பி

*

மே 12

டேய்,

உன் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்தைப் படித்துவிட்டு நான் எங்கே உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. பையன் அழுது, மேடம் ஸ்பீக்கரில் கத்தி, அதற்குப் பிறகுதான் எழுந்தேன்.

உன்னை அடிக்க என் கை அவ்வளவு தூரம் நீளாது. அதனால் பிழைத்தாய். ஒன்பதாம் நம்பரா? என் பிள்ளைக்கா? நான் இங்கே ஒருத்தன் மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டிருக்கிறேன், என் பிள்ளை அங்கே பாய் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்ததா?

உன்னை மட்டும் திட்டி என்ன. விட்டுவிட்டு வந்தவள் நான்.

மேடத்திடம் ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். என் மகளுக்கு நான் வேண்டும் என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? கோபப்படவில்லை. சோபாவில் உட்காரச் சொன்னார், இந்த ஆறு மாதத்தில் முதல் தடவை. கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். குரங்குக்குட்டி படம். "பாரு. தாயைப் பிரிச்சா குட்டியோட மூளையே மாறிடுது. இது விஞ்ஞானம். பையனுக்கு இப்ப உன் முகம்தான் எல்லாம். இந்த நேரத்துல நீ போனா அவன் மூளை என்ன ஆகும்? ஒரு தாயா யோசிச்சுப் பாரு" என்றார்.

ஒரு தாயாக யோசித்துப் பார்க்க வேண்டுமாம்.

என் பாஸ்போர்ட் அவர் பீரோவில் இருக்கிறது.

அக்கா

*

மே 31

அன்பு அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடாமல் கிடக்காதே. உன் கோபம் வேண்டும் எனக்கு, நீ படுத்துவிடக் கூடாது.

உன் கடிதத்தை டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இல்ல டாக்டர்னு சொன்னது பொய். எங்க வீட்ல இருக்கு" என்று சொல்லித்தான் காட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நாங்க எழுதினது இதுக்கில்லையே" என்றார்.

"பின்ன எதுக்கு டாக்டர்?"

அவர் கெட்டவர் இல்லை அக்கா. ஆனால் எண்பது குரங்கை வைத்து, எத்தனையோ குட்டியை அழவிட்டு, அவர் கண்டுபிடித்ததை உன் மேடம் படித்து, உன்னைப் பூட்டி வைக்கப் பூட்டாக்கிக்கொண்டார். குரங்கைப் பிரித்தால் ஆராய்ச்சி. நம்மைப் பிரித்தால் வேலைவாய்ப்பு. மற்றப் பத்துப் பிள்ளைகளின் அம்மாக்களும் அந்தச் சட்டை கம்பெனியில்தான் இருக்கிறார்கள். போன வாரம் வீட்டுக்காரி சாப்பாட்டு இடைவேளையில் இந்தக் கதையைச் சொன்னாளாம். நாலு பேர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்களாம். கம்பெனிக்குள்ளேயே பிள்ளைகளுக்கு ஓர் அறை கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மேனேஜர், "புள்ளைங்க அழுதா தையல் கோணிடும்" என்று சொன்னாராம்.

சைரனுக்கு இப்போது ஒரு முன்னேற்றம். வீட்டுக்காரி அறையை விட்டுப் போனால் அவள் காலையே கண்ணால் பின்தொடர்கிறாள். சத்தம் இல்லை. கண் மட்டும். நேற்று மூன்று தடவை. நான் எண்ணினேன்.

வா அக்கா. எப்படியாவது.

தம்பி

*

ஜூன் 19

தம்பி,

உடம்பு சரியாக இருக்கிறது. மனசைப் பற்றிக் கேட்காதே.

வருகிறேன். ஜூலை 2. பஸ் ஸ்டாண்டுக்கு நீ மட்டும் வா, பிள்ளையைக் கொண்டுவராதே. அந்தக் கூட்டத்தில் என்னைப் பார்க்க வேண்டாம் அவள்.

பாஸ்போர்ட்டை எப்படி வாங்கினேன் என்று உனக்குச் சொல்லியாக வேண்டும், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. கேட்டுக் கெஞ்சி மூன்று வாரம் ஆனது. திங்கட்கிழமை காலை மேடம் ஆபீஸ் போனதும் பையனைத் தொட்டிலில் விட்டுவிட்டு வாசல் மிதியடியில் போய் உட்கார்ந்தேன். அவன் அழுதான். பத்து நொடி. நான் எழவில்லை. கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் மேடம், "தூக்கு! ஏய், தூக்கு!" என்று கத்தினார். நான் கேமராவைப் பார்த்து, "பாஸ்போர்ட் குடுங்க, தூக்கறேன்" என்றேன். அவர் வந்து சேர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. இருபத்திரண்டு நிமிடமும் அவன் "ம்மா, ம்மா" என்று கூப்பிட்டான். கடைசியில் அவன் குரல் குறையத் தொடங்கியது. குறையும்போது என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நீதான் எழுதியிருந்தாயே. அப்படியும் உட்கார்ந்திருந்தேன்.

மேடம் ஓடி வந்து அவனைத் தூக்கினார், மறு கையால் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை என் முன்னால் எறிந்தார். அவன் அவர் தோளுக்கு மேலாக என் பக்கம் கையை நீட்டினான்.

நானும் ஒரு குட்டியைப் பிரித்துவிட்டுத்தான் வருகிறேன்டா.

அக்கா

*

ஜூலை 18

மதிப்பிற்குரிய சகோதரிக்கு,

வணக்கம். நீங்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்றும், உங்கள் மகளின் உடல்நலம் தேறிவருகிறது என்றும் நம்புகிறோம்.

நடந்தவற்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கைபேசி டிராயரிலேயே இருந்துவிட்டது, இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். பயிற்சி பெற்றவர். முதல் நான்கு நாட்கள் மகன் மிகவும் அழுதான், எங்களுக்குப் பயமாகிவிட்டது. ஆனால் இப்போது நன்றாகப் பழகிவிட்டான். அழுவதே இல்லை. மிகவும் நல்ல பிள்ளையாக இருக்கிறான், எந்தத் தொந்தரவும் இல்லை.

ஒரே ஒரு உதவி. தூங்க வைத்தால் கண்ணைத் திறந்தபடியே படுத்திருக்கிறான். வலது கையைக் காற்றில் தூக்கி எதையோ பிடிப்பதுபோல மூடி மூடித் திறக்கிறான். நீங்கள் ஏதாவது பாட்டுப் பாடித் தூங்க வைப்பீர்களா? அந்தப் பாட்டை எழுதி அனுப்ப முடியுமா?

இப்படிக்கு,
பையனின் அம்மா

*

ஆகஸ்ட் 3

மேடத்துக்கு,

வணக்கம். நாங்கள் உயிரோடு நன்றாக இருக்கிறோம். நீங்களும், ஐயாவும், பையனும் நன்றாக இருக்க வேண்டும். போன் வந்து சேர்ந்தது.

உங்கள் கடிதத்தை என் தம்பிதான் உரக்கப் படித்தான். "தொந்தரவு இல்லை" என்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டான். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

மேடம், பாட்டு ஒன்றும் இல்லை. அவன் தேடுவது காதை. என் வலது காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். நான் உங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாத ஒன்று அவனைப் பற்றி எனக்குத் தெரியும் என்று ஒரு அற்ப சந்தோஷம் எனக்கு. மன்னியுங்கள். மிதியடியில் உட்கார்ந்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை, அதனால் கேட்கவில்லை.

அவன் அழவில்லை என்று சந்தோஷப்படாதீர்கள். பழகிவிட்டான் என்று நினைக்காதீர்கள். நீங்கள் எனக்குக் காட்டிய அந்தக் குரங்குப் படத்தை முழுவதும் பாருங்கள். ஏழாம் நம்பர் என்று ஒரு குட்டி அதில் இருந்தாலும் இருக்கும். என் தம்பி கழுவின கூண்டாக இருந்தாலும் இருக்கும்.

கம்மலைக் கழற்றி வைத்துவிட்டு உங்கள் காதைக் கொடுங்கள். பிடிக்க மாட்டான். நாலு நாள், பத்து நாள், ஒரு மாதம்கூடப் பிடிக்க மாட்டான். விடாதீர்கள். இழுத்து மடியில் போட்டுக்கொள்ளுங்கள். கேமராவில் பார்த்தால் ஆகாது, நேரில் இருக்க வேண்டும். புதிதாக வந்தவளை அனுப்பிவிடாதீர்கள், இன்னொரு முகத்தை அவனால் தாங்க முடியாது. அவளுடைய போனை அவளிடம் கொடுங்கள். அவளுக்கும் எங்காவது ஒரு பிள்ளை இருக்கும். இருக்கிறதா என்று கேட்டீர்களா?

என் மகள் இன்னும் என்னிடம் வரவில்லை. வந்து ஒரு மாதமாகிறது. என் தம்பி மனைவியின் தோளைக் கட்டிக்கொண்டு என்னை யாரோ மாதிரிப் பார்க்கிறாள். நேற்று நான் பிடிவாதமாகத் தூக்கினேன். என் கையைக் கடித்துவிட்டாள், பல் பதிந்திருக்கிறது. கடித்துவிட்டு, ஒன்பது மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, வாயைத் திறந்து கத்தினாள். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். என் தம்பி கைதட்டினான். அவன் மனைவி, "ஊதுடி, நல்லா ஊது" என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

இதோ, இப்போதும் தொடங்கிவிட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை, நான் மட்டும்தான். போனால் கடிப்பாள்.

பத்து நொடிக்குள் தூக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். நிறுத்துகிறேன்.